கூடையில் கொட்டிய கேப்பை மாவு

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். நாற்பத்து மூன்றாம் வருஷமாக இருக்கும். பர்மா அரிசி வருவது நின்றுபோய், திண்டிவனம் கடைத்தெருவில் அரிசி விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்த காலம். அந்த வருஷம்தான் நான் விழுப்புரத்திலிருந்து கிளியனூர் பக்கம் ஒரு சின்ன கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன்.

என் அப்பா விழுப்புரத்தில் ரயில்பாதை பார்க்கும் கேங் கூலி. சம்பளம் சொற்பம்தான். ஆனாலும் சம்பளத்தன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கர்த்தருடைய பங்கை முதலில் எடுத்துத் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். மிச்சத்தில்தான் அரிசி, புளி, எங்கள் துணிமணி எல்லாம். காசு தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். அடுத்த சம்பளம் வரைக்கும் உப்பும் மிளகாயும் வைத்துக் கஞ்சி குடிப்போமே தவிர, கடன் சொல்லி ஒரு தீப்பெட்டிகூட வாங்க விடமாட்டார். எங்களுக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. யாரைக் கண்டும் சந்தில் ஒதுங்க வேண்டியதில்லை என்பதே பெரிய சுகமாக இருந்தது.

நான் போன வீட்டில் என் வீட்டுக்காரரும் மாமியாரும் மட்டும். நிலம் கிடையாது. இரண்டு பேரும் கூலிக்குப் போவார்கள். கூலியும் காசாக வராது, பெரும்பாலும் கேப்பையாகத்தான் வரும். காலையில் கூழ், ராத்திரி களி. அரிசிச் சோறு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். அதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. கூழ் நன்றாகவே இருக்கும், அதிலும் மாமியார் காய்ச்சினால்.

எங்கள் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கைக் கூடையில் கொட்டுவாள். ஆராதனை முடிந்ததும் கூடையை ஏலம் விட்டு, வருகிற காசைச் சபையில் சேர்ப்பார்கள். கையில் காசையே பார்க்காத பெண்களும் கொடுக்கலாம் என்பதற்காக யாரோ நல்ல மனதோடு ஏற்படுத்திய வழக்கம்.

நான் போன முதல் சனிக்கிழமை மாமியார் என் கையில் ஒரு பையைக் கொடுத்து, மூப்பர் கடைக்குப் போய் அரைப்படி அரிசி வாங்கி வரச் சொன்னார். மூப்பர் என்றால் எங்கள் சபைக்குப் பெரியவர். மளிகைக் கடை வைத்திருந்தார், கொஞ்சம் நிலமும் இருந்தது. புது மருமகளுக்கு நாளைக்குச் சோறு ஆக்கிப் போடப் போகிறார் என்று நினைத்துத் துள்ளிக்கொண்டு போனேன். வாங்கி வந்ததும் மாமியார் அதை அப்படியே பிடி அரிசிப் பானையில் கொட்டி மூடிவிட்டார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் சமைப்பது கேப்பை. ஆனால் காணிக்கை மட்டும் அரிசி, அதுவும் கடனுக்கு. அரைப்படி வாங்கினால் முக்கால்படி திருப்பித் தரவேண்டும். எங்கள் வீடு மட்டுமில்லை, சேரியில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

"நாம துன்றதையே குடுத்தா இன்னா, அத்தே?" என்று கேட்டேன்.

மாமியார் கோபப்படவில்லை. "நாம வேதத்துல சேந்தப்போ ஊர்க்காரங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? பாதிரி ஊத்தற கஞ்சிக்குப் போனவங்கன்னாங்க. கஞ்சிக்கு வந்தவ இல்லடா நானு, அரிசி குடுக்க வந்தவன்னு அவனுங்களுக்குக் காட்ட வாணாமா?" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதற்குமேல் நான் என்ன பேசுவது? அந்தப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஆனால் என் மனசு ஒப்பவே இல்லை.

இப்படியே மாதங்கள் ஓடின. நான் முழுகாமல் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாமியாரே கடைக்குப் போய் அரிசியும் விளக்குக்குக் கிருஷ்ணாயிலும் ஒரே கூடையில் வைத்து எடுத்து வந்தார். வழியில் பாட்டில் சாய்ந்து கிருஷ்ணாயில் அரிசியில் கொட்டிவிட்டது. கழுவினார், வெயிலில் காய வைத்தார், வேப்பிலையைப் போட்டுப் பார்த்தார். நாற்றம் போகவில்லை. அழுதுகொண்டே அதைத்தான் மறுநாள் கூடையில் கொட்டினார். ஜெபத்தில் கர்த்தரிடம் அதற்கு மன்னிப்பு வேறு கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் கடைக்குப் போனேன். மூப்பர் ஒரு மூட்டையிலிருந்து அரைப்படி அளந்து என் பையில் போட்டார். போட்டுவிட்டு, என்னவோ உதவி செய்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "கடன் ஏறிக்கினே போவுதும்மா. திங்கக்கெழமைலேர்ந்து உம் புருஷனை நம்ம நெலத்துக்கு வந்துடச் சொல்லு. கடன் தீர்ற வரைக்கும் கூலி கெடையாது. மத்தியானம் கூழு ஊத்திடறேன்."

கூலியில்லாமல் ஒருத்தர் நிலத்தில் வேலை செய்யப் போன ஆள் திரும்பி வந்ததை எங்கள் சேரியில் யாரும் பார்த்ததில்லை. கடன் தீராது. அவன் செத்தால் மகன் போய் நிற்பான். என் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்த மனிதர் அன்றைக்கு வேலை போட்டுக் கொடுத்தார்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேனோ தெரியாது. பையைத் திறந்தேன். கிருஷ்ணாயில் நாற்றம் குப்பென்று அடித்தது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் ஆத்திரம் வந்தது. ஏலம் எடுக்கக் கையில் காசு உள்ளவர் எங்கள் சபையில் ஒரே ஒருத்தர்தான். நாங்கள் சனிக்கிழமை அவரிடம் கடனுக்கு வாங்குகிற அரிசியை ஞாயிற்றுக்கிழமை அவரே அடிமாட்டு விலைக்கு எடுத்து, அடுத்த சனிக்கிழமை எங்களுக்கே கடனுக்கு அளந்திருக்கிறார். மாமியாரிடம் பையை நீட்டினேன். மோந்து பார்த்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரரிடம் மூப்பர் சொன்னதைச் சொன்னேன். அதிர்ந்து பேசாத மனிதர். "வாங்கித் துன்ன கடன்னா போய்த்தானே ஆவணும்" என்றார். "யாருங்க துன்னது?" என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த கேப்பை மாவில், அந்த வாரம் எத்தனை வேளை சமைத்தோமோ அத்தனை கைப்பிடி எடுத்துத் துணியில் முடிந்துகொண்டேன். அரிசிப் பையையும் எடுத்துக்கொண்டேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து மாதம் ஒருமுறை வருகிற ஆயர் அன்றைக்கு வந்திருந்தார். காணிக்கை நேரத்தில் பெண்கள் வரிசையாகப் போய்க் கூடையில் கொட்டினார்கள். என் முறை வந்தது. முடிச்சை அவிழ்த்து, வெள்ளை வெளேரென்று இருந்த அரிசியின்மேல் கேப்பை மாவைக் கொட்டினேன். கூடைக்குப் பக்கத்திலேயே நின்ற மூப்பர் பதறிப்போனார்.

"இன்னாமே பண்றே? மாவைக் கொட்டினா இனிமே இதை எவன் எடுப்பான்?"

"எப்பவும் எடுக்கறது நீங்கதானே" என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரிசிப் பையைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதை மோந்து பாருங்க. போன ஞாயித்துக்கெழமை எங்க அத்தே இந்தக் கூடையில கொட்ன அரிசி. நேத்து உங்க கடையில எனக்கே அளந்தீங்க."

அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "நான் காசு குடுத்துத்தானே எடுக்கறேன்? காசு கர்த்தருக்குத்தானே போவுது?" என்றார். அவர் பேச்சில் கள்ளம் இல்லை. தான் ஊழியம் செய்வதாகவே அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

"காசு கர்த்தருக்குப் போவுது, அரிசி உங்களுக்கே வந்துடுது. கடன் மட்டும் எங்க தலைமேல நிக்குது. இந்தக் கணக்குல கர்த்தர் பேரை இழுக்காதீங்க" என்றேன்.

மூப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ பழைய கடனை இப்போ வையி. இல்லன்னா நாளைக்கு உம் புருஷன் என் நெலத்துல நிக்கணும்."

"வாங்கின அரிசியத் திருப்பிக் குடுத்துடறோம். ஒரு மணி கொறையாது. ஆனா ஆளைக் குடுக்க மாட்டோம்" என்றேன்.

ஆயரைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் வருகிற நாளெல்லாம் அவருக்கு மத்தியானச் சாப்பாடு மூப்பர் வீட்டில். சமாதானமாகப் போங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கூடையின்மேல் கையை வைத்து ஜெபித்தார். மாவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து ஏலம் கூறினார்கள். மூப்பர் வாயைத் திறக்கவில்லை. வேறு யாரிடமும் காசு இல்லை. கூடை அப்படியே கிடந்தது. அப்போது என் மாமியார் எழுந்து முன்னால் போனார். சபை நடுவில் மானத்தை வாங்கிவிட்டாய் என்று என் முடியைப் பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அரிசியும் மாவும் சேந்தா கூழு. ஏலம் போவலன்னா அடுப்பை மூட்டுங்க, காய்ச்சலாம்" என்றார். வெளியே ரோட்டோரமாகப் போகிற வருகிற ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே என்று ஒரு பெண் தயங்கினாள். "பாக்கட்டும்டி! கஞ்சிக்குத்தான் வந்தோம்னு சொல்லட்டும். யார் வூட்டுக் கஞ்சி? நம்ம கஞ்சி!" என்று மாமியார் போட்ட சத்தம் கிளியனூருக்கே கேட்டிருக்கும்.

கோயில் வாசலில் மூன்று கல்லை வைத்துக் காய்ச்சினோம். சேரி முழுக்க உட்கார்ந்து குடித்தோம். ஆயர்கூட ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மூப்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மூப்பருடைய ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "கூலி குடுத்தா வர்றேன்னு சொல்லு. இல்லன்னா நான் திண்டிவனம் போறேன்" என்றார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. மூப்பர் கூலி தரவில்லை. இவர் அன்றைக்கே திண்டிவனத்துக்கு நடந்துபோய் மண்டியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நானும் மல்லாட்டை உடைக்கப் போனேன். கையில் முதல் முறையாகக் காசு வந்தது. அதில் கர்த்தருடைய பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பழைய அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தோம்.

அரைப்படிக்கு அரைப்படிதான் கொடுத்தோம். முக்கால்படி கேட்டுக் குதித்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்துவேன் என்று பயமுறுத்தினார். "நிறுத்துங்க, அங்கயும் அந்தப் பையை எடுத்துக்கினு வர்றேன்" என்றேன். மற்ற வீட்டுப் பெண்களும் அதையே சொல்ல ஆரம்பித்த பிறகு அவர் குதிப்பதை நிறுத்திக்கொண்டார். எங்கள் கூடையில் அதன்பிறகு மாவு, மல்லாட்டை, முருங்கைக்காய் என்று அவரவர் வீட்டில் இருந்தது விழுந்தது. ஏலத்தில் காசு குறைந்ததுதான். குறையட்டும்.

மகன் பிறந்து ஞானஸ்நானத்துக்குப் போனபோது, அதே ஆயர் பதிவேட்டில் எழுதுவதற்காக வழக்கமாக எங்கள் ஜனங்களைக் கேட்கிற கேள்வியை என் வீட்டுக்காரரிடமும் கேட்டார்: "நீ யார் பண்ணை ஆளப்பா?"

அவர் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "யார் பண்ணையும் இல்லிங்க ஐயா" என்றார்.

எத்தனையோ கஷ்டம் வந்து போய்விட்டது. அந்தப் பதிலை ஆயருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொன்ன என் வீட்டுக்காரரின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. கையில் இருப்பதில் ஒரு பிடி கொடு என்றுதான் கர்த்தர் என்னிடம் கேட்டார். இல்லாததை அவர் பெயரால் கேட்கிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், இந்த வயதிலும் நான் கொடுப்பதாக இல்லை.