மஞ்சள் தெளித்த காகிதத் தொட்டி

இதை எழுத வேண்டுமென்று பல வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வெட்கம்தான் காரணம்.

யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், மூடிக்கிடந்த ரப்பர் ஸ்டோரில், நாங்கள் நோனா என்று கூப்பிடும் ஒரு ஜப்பான்காரம்மா எங்கள் பெண்களுக்குக் கையால் காகிதம் செய்யப் பழக்கினார். அவர் ஊர் முறை அது. மரப்பட்டையைச் சாம்பல் தண்ணீரில் அவித்து, ஆற்றில் அலசி, அடித்துக் கூழாக்கி, தொட்டியில் கலந்து மூங்கில் தட்டியால் தாள் தாளாக அள்ள வேண்டும். பழைய புத்தகங்களைச் செப்பனிட வெள்ளைத் தாள் கேட்டு ஜப்பானிலிருந்து முதல் ஓடர் வந்திருந்தது. அது சரியாகப் போனால்தான் எங்கள் வேலை நிலைக்கும்.

நோனா கொழும்புக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை பொறுப்பு என்னிடம் இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் எதையும் தொடங்க எனக்கு மனசு வராது. அம்மனைக் கும்பிட்டுத் தொட்டியில் தாராளமாகவே தெளித்தேன். அதிலிருந்து அள்ளிப் பலகையில் காயப்போட்ட தாளெல்லாம் குங்குமம் சிந்தினாற்போலச் சிவப்பு! உடம்பு சிலிர்த்துப்போய், "அம்மா இறங்கிட்டாடி!" என்று கத்தினேன். கற்பூரம் கொளுத்தினோம்.

கடைத்தெருவிலிருந்து வேலைக்கு வரும் முஸ்லிம் தங்கச்சி மட்டும் கிட்ட வந்தாள். "அக்கா, சாம்பல் தண்ணி சரியா அலசிப் போகல போல. மஞ்சக் கறையில சவர்க்காரம் போட்டாலும் இப்படித்தானே செவக்கும்? மிச்சக் கூழையாச்சும் அலசிருவோங்க."

"எங்க சாமி விஷயம் உனக்கென்ன தெரியும்? வாயை மூடு."

அவளோடு சேர்ந்து மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். கூழ் முழுவதையும் தாளாக்கினோம்.

நோனா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, ஏசவில்லை. சாம்பல் தண்ணீரில் மஞ்சளைப் போட்டுக் காட்டினார். சிவந்தது. என்னால் தலை நிமிர முடியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அரைகுறைச் சிங்களத்தில், "நீங்க கும்பிட்ட தாள். மறுபடி கூழாக்கத் தண்ணியில ஊறப்போடலாமா?" என்று எங்களிடம் கேட்டார். அம்மனிடம் நான் கேட்காத உத்தரவை அவர் கேட்டார்.

வெள்ளைத் தாளை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் அந்த ஓடர் கைவிட்டுப் போனது. மறுபடி வேலை தொடங்கும்வரை எல்லோரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனார்கள். தங்கச்சியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா. அடுத்த தரம் நான் கத்துறேன், நீங்க வாயை மூடுங்க" என்று சிரித்தாள்.

ஆனால் அன்று சிலர் கொண்டுபோன தாள்கள் இன்னும் சாமித்தட்டில் இருக்கின்றன. கரவனெல்ல வரைக்கும் பேச்சுப் போய், அந்த அற்புதத்தை என்னிடமே வந்து சொல்கிறார்கள். என் பக்தி குறையவில்லை. அம்மன் பேரைச் சொல்லி ஒருத்தியின் வாயை அடைத்தேனே என்று நினைத்தால், விளக்கேற்றும்போது கை கூசுகிறது. வாசிக்கிற நீங்கள் இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: அது அம்மன் இறங்கியதல்ல, மஞ்சள்தான், அதை அன்றே சொன்னவள் அந்தத் தங்கச்சி.