கரண்டி மணி

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்க தொகுதியில ஒரு தரைப்பாலம் இருக்கு. மழை வந்துட்டா அது பாலம் இல்லை, ஆத்துக்கு அடியில கெடக்குற ரோடு..."

ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார் சட்டமன்ற உறுப்பினர். பக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். கையில் கரண்டி, முன்னால் காலி எவர்சில்வர் டம்ளர், கண் சுவர்க் கடிகாரத்தில். மூன்று நிமிடம் முடிந்ததும் டம்ளரில் ணங்கென்று ஒரு தட்டு.

"உறுப்பினர் உக்காருங்க."

"ஒரே ஒரு வார்த்தை, தலைவர் அவர்களே..."

"மைக்க ஆஃப் பண்ணியாச்சு. உக்காருங்க."

உறுப்பினர் உட்கார்ந்துவிடுகிறார். சபையில்கூட அவர் இவ்வளவு பணிவாக உட்கார்ந்து, செய்தியாளர் வரிசையிலிருந்து நான் பார்த்ததில்லை.

பின்வரிசைக்காரருக்குத் தன் தொகுதியைப் பற்றிப் பேச ஒரு கூட்டத்தொடருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. ஜெயித்து வந்த புதிதில், தலைவருக்கு வணக்கம், அமைச்சருக்கு நன்றி, வாக்களித்தவர்களுக்கு நன்றி, அமைச்சருக்கு மறுபடியும் நன்றி என்று இவர் அடுக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாலம் வாய்க்குள்ளேயே நின்றுபோனது. ஊரில் ஒரு மாதம் இவரைப் பார்த்தவர்கள் எல்லாம் கையைக் கூப்பி "நன்றி, நன்றி" என்றார்கள். அப்போதுதான் மனைவி கரண்டியைக் கையில் எடுத்தார்.

அரசியலுக்கு முன்னால் இவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். தொகுதியில் யாரும் இவரை எம்.எல்.ஏ. என்று கூப்பிடுவதில்லை, 'மோட்டாரண்ணன்'தான். மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கையில் மனுவும் மறு கையில் கருகிப்போன மோட்டாருமாக வருகிறார்கள். இவர் முதலில் கை நீட்டுவது மோட்டார் இருக்கும் கையை நோக்கித்தான். "இது இன்னிக்கே ஓடிரும். அது எப்ப ஓடும்னு எனக்கே தெரியாது" என்பார்.

இந்த ஃபிரிட்ஜும் மேஜையும் தலைநகரில் கொழுந்தியாள் வீட்டில் இருக்கின்றன. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டதால் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். தொகுதியில் இருக்கும் அரசு மருத்துவமனையில் அதற்கு மெஷின் கிடையாது. அதனால் அந்த அம்மா தன் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டார். டயாலிசிஸில் அடுத்த படுக்கைக்கு வருகிற தையற்காரப் பெண்ணும் இவர்கள் ஊர்தான். அவளுக்கு இங்கே தங்கை இல்லை. ஒவ்வொரு முறையும் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து, ஏற்றிய ஊசியின் வலியோடு மறு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் திரும்புகிறாள்.

ஊரில் இவர் வீடு பகல் முழுக்கச் சந்தைக்கடை. சாயங்காலம் எல்லோரும் போனதும் சமையலறைக்குப் போய் குக்கரை அடுப்பில் ஏற்றுகிறார். போனை அதன் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார். மறுமுனையில் மனைவி விசிலை எண்ணுகிறார். "ஆச்சு, அணைங்க." இவருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை.

"விசில் வர்ற வரைக்கும் அவ போனை வைக்க மாட்டாம்மா. அதுக்காகவே சில நாளு அடுப்பைச் சின்னதா வச்சிருவேன்" என்றார் என்னிடம்.

சபை எப்போது முடியும், ஊருக்கு ஓடலாம் என்று மற்ற உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சபை எப்போது கூடும் என்று பேரவை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்கிற ஒரே உறுப்பினர் இவர்தானாம். மக்கள் பிரச்சினையில் என்ன ஆர்வம் என்று அங்கே வியந்திருக்கிறார்கள். சபை நடக்கும் நாட்களில் மட்டும்தான் இவர் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் சாப்பிட முடிகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் பத்திரிகைக்காக, தொகுதிக்கு உடனடித் தேவை என்னென்ன என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். உயர்மட்டப் பாலம், பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, பஸ் நிலையத்தில் பெண்களுக்குக் கதவு வைத்த கழிப்பறை. தாழ்ப்பாளும் வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். நான் சும்மா இருக்காமல், "டயாலிசிஸ் மெஷின்?" என்றேன்.

மூன்று நிமிடம் ஆகவில்லை. ணங்!

"அது வேண்டாம்மா" என்றார் மனைவி. "தேன் எடுத்தவன் புறங்கைய நக்குறான்னு ஊரு சொல்லும். பொண்டாட்டிக்கு மெஷின் வாங்கத்தான் சபைக்குப் போனான்னு சொல்லும். அந்தப் பேரோட நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை."

"பாத்தியாம்மா? எனக்கு எதிர்க்கட்சி சபையில இல்லை, இங்க இருக்கு" என்று சிரித்தார் இவர்.

வழியனுப்ப மாடிப்படி வரைக்கும் வந்தவர் அங்கே சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "பாலம் வேணும்தாம்மா, பொய் சொல்லலை. ஆனா பாலம் பாலம்னு வாய் சொல்றப்ப, மனசு வேற ஒண்ணைக் கேக்குது. அவ செருப்பு இன்னும் ஊர்ல வாசல்ல கெடக்கு. எடுத்து உள்ள வைக்கக் கை வரமாட்டேங்குது. அவ வரணும்மா. அவ்வளவுதான்."

சபையில் இவர் பேசும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மறுபடி போனேன். மேஜையில் அதே டம்ளர். அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். அம்மாவுக்கு மருத்துவர் அளந்து கொடுத்த தண்ணீர் அந்த டம்ளர் கணக்குத்தான். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர், அதற்கு மேல் ஒரு வாய் கிடையாது. மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றிப் பக்கத்திலேயே வைத்திருப்பார். "குடிக்கிறதைவிட இது அடிக்கிறதுக்குத்தான் அதிகம் ஆகுது" என்றார்.

ஒத்திகை ஆரம்பித்தது. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்க தொகுதியில ஒரு தரைப்பாலம்..."

ணங்!

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"பாலம் அப்புறம். மொதல்ல அதைச் சொல்லுங்க."

"எதை?"

"தையக்காரப் பொண்ணு ரெண்டு தடவையா வரலை" என்றார் மனைவி. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "போன் பண்ணேன். 'பஸ்ல உக்காரத் தெம்பு இல்லக்கா, போதும்னு விட்டுட்டேன்'னு சொல்றா. விட்டா என்ன ஆகும்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திட்டிட்டு நம்ம வண்டிய அனுப்பிச்சேன். காலையில வந்து டயாலிசிஸுக்குப் படுத்துட்டா. எனக்குத் தெரிஞ்சவ, வண்டி போச்சு. தெரியாதவங்களுக்கு யாரு அனுப்புவா?"

"ஊரு பேசுமே?"

"பேசட்டும். புறங்கைய நக்குறாருன்னே சொல்லட்டும்."

உறுப்பினர் ஃபிரிட்ஜின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். வணக்கமும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எங்க ஊரு ஆஸ்பத்திரியில மெஷின் இல்லை என்று தொடங்கினார். பஸ்ஸைச் சொன்னார், ஊசி ஏறிய கையைச் சொன்னார், வாசலில் கிடக்கும் செருப்பையும் சொல்லிவிட்டார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மறுபடி பிடித்துக்கொண்டு போனார்.

மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. கொழுந்தியாள் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பாட்டிலில் அன்றைக்கு மிச்சமிருந்த தண்ணீரை முழுவதும் டம்ளரில் ஊற்றி, அதைக் கணவரின் பக்கம் நகர்த்தி வைத்தார்.