திரைக்குப் பின்னால் ஒரு முழங்கால்

ஒரு தமிழ்ப் பெண் ஆறடியை நெருங்கி வளர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால் நிறைய சொல்லுவேன். தில்லியில் மலை மந்திர் முருகன் கோயிலில் நான் முன்னால் நின்றால் சாமி தெரியவில்லை என்று பின்னாலிருந்து முணுமுணுப்பார்கள். அம்மாவின் சிநேகிதிகள் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம், "இன்னும் வளர்றாளா?" என்று விசாரிப்பார்கள். ஏதோ வீட்டுச் சுவரில் விரிசல் வளர்வதைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த உயரம்தான் எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது. என் மார்க்குக்கு எந்தக் கல்லூரியும் கதவைத் திறந்திருக்காது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கூடைப்பந்துக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் தினமும் விடியற்காலை மைதானத்துக்கு வந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. மழையோ பனியோ, வராவிட்டால் இடம் போய்விடும் என்று கோச் மிரட்டுவார். டிசம்பரில் ஆர்.கே.புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனால், மூடுபனியில் எதிரே இருக்கும் கூடை கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கூட்டத்துக்கு நடுவில் எம்பி, மற்றவர்கள் கைக்கு எட்டாத பந்தை நான் பறித்துக்கொண்டு இறங்கும்போது, உயரமாக இருப்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றும். அந்த நிம்மதி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

இரண்டாம் வருடம் அப்படி எம்பி இறங்கும்போது இன்னொருத்தியின் கால்மேல் கால் வைத்துவிட்டேன். முழங்காலுக்குள் ஏதோ பட்டென்று அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் மூட்டு பலாக்காய்போல வீங்கிவிட்டது. கோச் அனுப்பிய டாக்டர் காலை அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே தசைநார் அறுந்திருக்கும், ஆபரேஷன் செய்தால் மறுபடியும் விளையாடலாம் என்றார். நான் அவர் சொன்னதில் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேசனா? ஏட்டி, காலுல கத்தி வச்ச தழும்போட உன்னை எவன் கட்டிக்கிட்டுப் போவான்? இந்த ஒசரத்துக்கே மாப்பிள்ளை தேடி நாக்கு தள்ளுது."

"அம்மா, நான் விளையாடணும்மா."

"வெளையாடி வெளையாடித்தான் இப்படி வந்து கெடக்கே."

அப்பா மத்திய அரசு அமைச்சகத்தில் கிளார்க். எந்த விஷயத்திலும் மேலதிகாரி முடிவு செய்யட்டும் என்று காத்திருந்து பழகியவர். வீட்டில் மேலதிகாரி அம்மா.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமிதான் பஹல்வானைப் பற்றிச் சொன்னது. பழைய தில்லியில் எலும்பு, சுளுக்குக்கு வைத்தியம் பார்க்கும் மல்யுத்தக்காரர். கடையில் அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் லங்கோட்டோடு போட்டோவில் தொடை தட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் காலை அவர் தொடமாட்டார். அது அவருடைய குல மரியாதை. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் அவர் மனைவியும். அவர் கேட்கக் கேட்க அந்தம்மா என் முழங்காலை அமுக்கிவிட்டு, இங்கே கத்துகிறாள், இங்கே கத்தவில்லை என்று பதில் சொன்னாள்.

"நஸ் சட் கயீ ஹை" என்று திரைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது.

நரம்பு பிசகிக்கொண்டதாம், எண்ணெய்க் கட்டுப் போட்டால் போதுமாம். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலைத் தொட்டுப் பார்த்த டாக்டரைவிட, கண்ணால்கூடப் பார்க்காத பஹல்வான்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தத் திரையே அவளுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். சுடச்சுட மஞ்சள் எண்ணெய், பஞ்சு, இறுக்கமாக ஒரு கட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு வாராவாரம் போனேன்.

வீக்கம் வடிந்தது. நடந்தேன், பிறகு ஓடினேன். நேராக மட்டும் ஓடினால் அறுந்த தசைநார் தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கோச்சுக்கும் ஆள் வேண்டியிருந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறக்கிவிட்டார். பந்தை வாங்கி ஒரு காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். மேல்பாதி திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. விழுந்து கிடந்தபோது நான் அழுதது வலியால் இல்லை. இனி அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் நிபந்தனை நிபந்தனைதான். படிப்பு முடியும்வரை விடியற்காலையில் நொண்டிக்கொண்டே மைதானத்துக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் ஸ்வெட்டர்களை மடியில் வைத்துக் காத்தேன். புதிதாக வந்த பிள்ளைகள் என்னை ஸ்டோர் அக்கா என்று நினைத்து, "தீதி, பந்து" என்று கை நீட்டுவார்கள். எடுத்துக் கொடுப்பேன். அவர்களை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

தழும்பு இல்லாத என் காலை யாரும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நான் காப்பித் தட்டோடு நடந்து வந்ததைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வருவதையும் நிறுத்திக்கொண்டார்கள். கரோல் பாகில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலைக்குப் போனேன். உட்கார்ந்தே செய்யலாம்.

முப்பது வயது தாண்டி, மாடிப்படி இறங்க முடியாமல் போனபோது நானாகவே ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இப்படி என்றார். சொன்னேன். நார் மிச்சமே இல்லை, குருத்தெலும்பும் தேய்ந்துவிட்டது, வலிக்கு மாத்திரை தருகிறேன் என்றார். "அப்போதே செய்திருந்தால் அடுத்த சீசனுக்கே விளையாடியிருப்பீர்களே, ஏன் வரவில்லை?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அப்பா இறந்த வருஷம் அது. அம்மா பால்கனி வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"என்னட்டி சொன்னாரு டாக்டரு?"

அவள் பயந்துகொண்டிருந்தாள். பல வருஷமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறாள் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் சரியாகியிருக்காதுன்னு சொன்னாரும்மா."

அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு மறுபடியும் பட்டாணியைக் கையில் எடுத்தாள்.

"அதைத்தான நான் அன்னைக்கே சொன்னேன். நீதான் ஒரேயடியா குதிச்சே."