நாற்பத்தொன்றாம் குழாய்

ஊசி அண்ணன் குத்தினால் வலிக்காது. சும்மா சொல்லக் கூடாது, அந்த மனநல ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆள்கூட அவரிடம் கையை நீட்டிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்பான். இருபத்திரண்டு வருஷமாய் ரத்தம் எடுத்துச் சோதிப்பதுதான் வேலை. அங்கே இருக்கும்வரை ஓயாத பேச்சு, கேலி. சாயங்காலம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினால் மனுஷன் ஊமை. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வெளியூர்த் தங்கை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்; "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்பார். மற்ற ஆறு நாளும் வீட்டில் அந்த வாய்க்கு வேலையே இல்லை.

பெரிய டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். மூளை நரம்புகள் வளரவும் கிளைவிடவும் உதவுகிற புரதம் ஒன்று உண்டு. மனச்சோர்வு வந்தவர்கள் பலருக்கு ரத்தத்தில் அது குறைகிறது; சிகிச்சையில் தேறும்போது மெல்ல ஏறுகிறது. அதை அளப்பது அண்ணன் பொறுப்பு. எடுத்த ரத்தம் சரியாக அரைமணி நேரம் உறைய வேண்டும், அப்புறம்தான் மெஷினில் சுழற்ற வேண்டும். முன்னே பின்னே ஆனால் அளவு தப்பிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நடுவில் நோயாளிகளுக்குத் தேறுதல் வேறு. "இதென்ன தலைவலியா, மாத்திரை போட்டதும் போறதுக்கு? உள்ளே வளரணும் தம்பி. ஆறு வாரமாவது ஆகும். பாதியில விட்டுடாதே."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் நாற்பத்தொரு பேர் வேண்டும். நாற்பது பேர்தான் கிடைத்தார்கள்.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனேம்மா!" என்றார் அண்ணன்.

தூக்கம் கெட்டிருக்கிறதா, எதிலும் ஆசையில்லையா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று ஃபாரத்தில் கேள்விகள். நோயாளிகளும் மற்றவர்களுமாய் இருநூறு பேரிடம் அவரே வாய்விட்டுப் படித்துக் கேட்டவை. தன் முறை வந்தபோது படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துத் தள்ளினார். அட பாவி மனுஷா! விடியுமுன்னே விழித்து, எழுந்திருக்க மனமில்லாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிறவன் யார்? ஆளில்லாத சோதனை அறையில், ரப்பர் பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, தன் கையில் தானே குத்திக்கொண்டார். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் ஊசியும் வலிக்கும் என்று.

அந்தச் சோதனையில் புரதம் நிறைய இருந்தால் மஞ்சள் அடர்த்தியாக வரும். நாற்பத்தொன்று, அவருடைய குழாயிலிருந்து எடுத்தது, வெளிறிக் கிடந்தது. திரும்பச் செய்தார். அதேதான்.

டாக்டரம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களோடது மட்டும் ஏன் இப்படி? சுழற்ற லேட்டாயிடுச்சா அண்ணே? ரத்த மாதிரி கெட்டுப்போச்சுன்னு எழுதிடட்டுமா?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வழக்கம்போல் அந்த வீட்டுக்குப் போய்விடலாம். ஆட்டத்தான் பார்த்தார். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழாயைக் கெடுத்ததில்லையே! அந்த ரோஷம் விடவில்லை.

"கெட்டுப்போகலம்மா. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். என் வேலையில தப்பில்ல." பட்டியலைத் தள்ளிவைத்தார். "ஃபாரத்துலதான் பொய் எழுதிட்டேன்."

டாக்டரம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த எண்ணை விடுங்க. அதை மட்டும் வச்சு யாருக்கும் நோய்னு சொல்லிட முடியாது, உங்களுக்கே தெரியும். நீங்க சொல்லுங்க, எத்தனை நாளா?"

"அவ போனதிலேருந்தும்மா."

டாக்டரம்மா புதுசாய் ஒரு ஃபாரத்தை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து தானே நிதானமாகப் படித்தார். முதல் இரண்டுக்கும் அண்ணன் 'ஆமா' என்றார். மூன்றாவது, அழுகை வருகிறதா என்பது; படித்து முடிக்குமுன்னே அழுதுகொண்டிருந்தார்.

"மருந்து பார்க்கலாம் அண்ணே. ஆனா ஆறு வாரமாவது ஆகும். பாதியில விட்டுடக் கூடாது."

அண்ணன் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் நான் சொல்றதுதாம்மா அது," என்றார். "எனக்குத்தான் யாரும் சொல்லலை."