சோத்தாங்கைப் பக்கத்துச் சத்தம்

ஆறு வருடமாக ஐசக்குக்கு உலகத்திலுள்ள சத்தமெல்லாம் வலப்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் நின்று கூப்பிட்டாலும் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பான். இடது காது அடியோடு போய்விட்டது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்கலாம், அது எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. இந்த விஷயம் அவனுக்கும் அவன் மனைவி ஜெபசீலிக்கும் மட்டும்தான் தெரியும். ஜாக்கி லிவர் எகிறி அடித்ததில் போனது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். ஓசூரில் புளி மண்டி நடத்தும் முதலாளி சென்னப்பனுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த மறு நிமிஷம் வண்டிச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, மண்டிக்குப் பின்னால் குடியிருக்கக் கொடுத்த ஒற்றை அறையையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார். மூன்று பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஐசக்குக்கு வேறு இடம் கிடையாது.

கல்லாவிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலி பார்த்த குடும்பம் அவனுடையது. பாதிரியார் ஒருவரின் ஜீப்பைக் கழுவப் போனவன், அதன் அடியில் படுத்துத் தொழில் கற்று, லைசென்ஸும் வாங்கி, வம்சத்திலேயே முதல் ஆளாக ஸ்டியரிங் பிடித்தான். காது நன்றாக இருந்த காலத்தில் பானட்டைத் திறக்காமலே கோளாறைச் சொல்லுவான். இப்போது அந்தப் பழைய பெயரை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது. முதலாளியின் வாய் அசைவதைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான், மீதியை ஊகித்துக்கொள்வான். அதுவும் பிடிபடாவிட்டால், "சரிங்க மொதலாளி." உலகத்தில் எந்த முதலாளியும் இந்த வார்த்தையைச் சந்தேகப்பட்டது கிடையாது.

அறுபத்தெட்டாம் வருடம், மாசி முடியும் சமயம். ஜவளகிரியில் பன்னிரண்டு மூட்டை புளி ஏற்றிக்கொண்டு ஓசூருக்குத் திரும்பினார்கள். தாய்வீட்டுக்கு வந்திருந்த முதலாளியம்மா நஞ்சம்மாவும் கூட ஏறிக்கொண்டார். பிக்கப் வண்டியில் இருப்பது ஒரே ஒரு முன்சீட்டு. பெண்பிள்ளை டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரலாமா என்று, அம்மாவை இடப்பக்கக் கதவோரம் தள்ளிவிட்டு சென்னப்பன் நடுவில் உட்கார்ந்தார். ஆக, முதலாளியின் வாய் நேராக ஐசக்கின் செத்த காதுக்குப் பக்கத்தில். வாயைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியாது, ரோட்டைப் பார்த்தால் வாயைப் பார்க்க முடியாது. வழியில் தளி ஊர் வந்து சேர்வதற்குள் நான்கு முறை "சரிங்க மொதலாளி" சொல்லிவிட்டான்.

தளி தாண்டியதும் அது ஆரம்பித்தது. தடப், தடப், தடப்.

காதுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்தது. ஐசக் ஆக்சிலேட்டரை மிதித்தான்; சத்தம் வேகம் பிடித்தது. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக ஓடவிட்டான்; சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஒடித்துப் பார்த்தான். பேரிங்காக இருந்தால் ஊளை ஏறி இறங்கும். அதுவும் இல்லை. டயர்தான். ஸ்டியரிங் கையில் நடுங்கவில்லை, சீட்டுதான் அதிர்கிறது. அதனால் பின் டயர். இதுவரை அவன் கணக்கு ஒரு முடி பிசகவில்லை. இரண்டில் எது என்பதுதான் பாக்கி. அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றான். தனியாகப் போகும் நாளென்றால் இறங்கி, இரண்டையும் கையால் தடவிப் பார்த்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி தடவி, ஆற அமரக் கண்டுபிடித்துவிடுவான்.

சென்னப்பன் முழங்கையால் அவன் விலாவில் இடித்தார். "என்னாடா சத்தம் அது? கேட்டுக்கிட்டே இருக்கறன், பேசாம ஓட்டறயே?"

"பின் டயருங்க மொதலாளி."

"எந்தப் பக்கம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். பெயர் எடுத்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா? ஐசக் தன் காதில் விழுந்ததைச் சொன்னான்.

"சோத்தாங்கைப் பக்கமுங்க."

நஞ்சம்மா புருஷன் பக்கம் திரும்பி, "ரீ, ஈ கடெ சப்த பர்த்தா இதெ" என்று தன் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். சத்தம் இந்தப் பக்கம்தான் வருகிறது என்கிறார். ஐசக்குக்குக் கன்னடம் தெரியும். ஆனால் அவர் பேசியதே அவன் காதில் விழவில்லை.

"உனக்கு என்னா தெரியும், சும்மா இரு" என்றார் சென்னப்பன்.

வண்டியை ஓரம் கட்டி இறங்கினான். வலப்பக்கப் பின் டயரின் பட்டன் இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவு கருங்கல் ஒன்று சிக்கியிருந்தது. ஐசக்குக்கு உயிர் வந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினான். இடப்பக்க டயரையும் ஒரு பேச்சுக்குத் தடவினான். மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போட்ட பழைய டயர் அது. கைக்கு எட்டிய வரை ஒன்றும் தட்டுப்படவில்லை. தரையில் அழுந்திக் கிடந்த பக்கத்தைப் பார்க்க வண்டியை உருட்டியாக வேண்டும். அதற்குள், "புளி வாங்கற பெங்களூர்க்காரரு மண்டியில வந்து குந்தியிருப்பாரு, ஏறுடா" என்று சென்னப்பனின் சத்தம் வந்தது.

ஒரு மைல்கூடப் போகவில்லை. தடப், தடப்.

"கல்லை எடுத்துட்டேன்னியே?"

"டயரே உப்பிக்கிட்டிருக்கும் போலங்க."

"அப்ப மாத்திப் போடு!"

இருப்பது ஒரே ஒரு ஸ்டெப்னி. எதை மாற்றுவது? வலப்பக்கம் என்று சொன்ன பிறகு இடப்பக்கத்தைக் கழற்றினால், முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார். கேட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடும். தப்பு என்று பாதி மனசுக்குத் தெரிந்தும் ஜாக்கியை வலப்பக்கம் வைத்தான். ஏறு வெயிலில் நட்டுகளைக் கழற்றும்போது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கழற்றிய டயரைத் தடவினான். வெண்ணெய் மாதிரி இருந்தது, ஒரு குறையும் இல்லை. அதைச் சத்தம் போடாமல் மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினான். மனசுக்குள் ஓசூர் வரைக்கும் மட்டும் ஆண்டவரே, ஓசூர் வரைக்கும் மட்டும் என்று வேண்டிக்கொண்டே போனான்.

ஆண்டவர் நாலு மைல் கொடுத்தார். ஓர் இறக்கத்தில் இடப்பக்க டயரின் மேல் ரப்பர் பட்டை உரிந்து மட்கார்டில் அறைந்தது. அடுத்த நொடி டயர் வெடித்தது. வண்டி இடதுபுறப் பள்ளத்தைப் பார்த்து இழுத்தது. ஐசக் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, கியரைக் குறைத்து, பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டியை நிறுத்தினான். நஞ்சம்மாவின் நெற்றி கதவில் மோதிப் புடைத்திருந்தது. இந்தப் புடைப்பு தன் வாய் சொன்ன பொய்யால் வந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

சென்னப்பன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் கத்தவில்லை. ஐசக் இடப்பக்கம் குந்தி, சற்று முன் கழற்றிய நல்ல டயரையே மாட்டிக்கொண்டிருக்க, அவர் அவனுக்கு இடப்பின்னால் வந்து நின்றார்.

"ஐசக்கு."

ஐசக் நட்டு முடுக்கினான்.

"ஐசக்கு. டேய்."

முடுக்கிக்கொண்டே இருந்தான். கல்லின் மேல் உட்கார்ந்திருந்த நஞ்சம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னப்பன் குனிந்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டதும் ஐசக் வலப்பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. அந்தக் கணமே எல்லாம் முடிந்தது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"எத்தினி நாளா?" என்றார் சென்னப்பன், அவன் வலப்பக்கம் சுற்றி வந்து.

ஐசக் எழுந்து நின்றான்.

"கேக்கறன் இல்ல? எப்பிடிப் போச்சு இந்தக் காது?"

எப்படிப் போயிற்று? தளிச் சந்தையில், ஆறு வருடத்துக்கு முன்னால், இதே வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு மூட்டை சரிந்து பானைக்கடைமேல் விழுந்தது. சந்தை முழுக்கப் பார்க்க சென்னப்பன் அவன் இடக்கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்தார். ஒரே ஒரு அறை. பதினைந்து நாள் சீழ் வடிந்தது, அப்புறம் சத்தம் நின்றுபோனது. அறைந்தவருக்கு அன்று சாயங்காலமே மறந்துபோயிருக்கும். அடி வாங்கியவன் அவமானத்தில் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் நஞ்சம்மா.

சொல்லிவிடலாம். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை. நீங்க அடிச்சதுதாங்க மொதலாளி. மூன்றே சொல். சொன்ன பிறகு என்ன? என்மேலேயே பழி போடுகிறாயா என்பார். மண்டிக்குப் பின்னால் இருக்கும் அறை கண்ணில் வந்தது. பெரியவள் இந்த வருஷம்தான் ஒன்பதாவது.

"சின்ன வயசுல அம்மை போட்டுதுங்க" என்றான் ஐசக். "அதுல போனதுங்க."

நஞ்சம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். வாய் எதையோ சொல்லத் திறந்தது. புருஷனைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. புடைத்த நெற்றியில் முந்தானையை ஒற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

சென்னப்பனின் முகம் இளகியது.

"வேற மொதலாளியா இருந்தா இங்கியே எறக்கி உட்டுட்டுப் போயிருப்பான். மூணு பொட்டப் புள்ளைங்களைப் பெத்தவன். ஒடம்புல ஒரு கொறையை வெச்சுக்கிட்டு எங்க போவ நீ? இரு. என்கிட்டியே இரு. ஆனா இனிமே பொய் சொல்லாதடா."

"சரிங்க மொதலாளி."

மண்டியில் பெங்களூர் வியாபாரி காத்திருந்தார். சென்னப்பன் ஐசக்கைக் கூப்பிட்டு அவர்முன் நிறுத்தி, தோளில் கை போட்டுக்கொண்டு, நடந்ததைக் கன்னடத்தில் சொன்னார். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று வியாபாரி ஆச்சரியப்பட்டார். ஐசக் இரு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான். சென்னப்பன் நல்லவரில்லை என்று அந்த நிமிஷம் யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதுதான் ஐசக்கைக் கொன்றது. வேலையை விட்டு எடுத்திருந்தால் மனசுக்குள்ளேயாவது திட்டிக்கொண்டு போயிருக்கலாம். இனி அதற்கும் வழியில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜெபசீலியிடம் சொன்னான். முதலாளிக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் வேலை போகவில்லை என்றதும் அவள் குரல் விட்டு அழுதாள். விளக்கேற்றிப் பிள்ளைகளை வரிசையாக முழங்கால் போடச் சொல்லி, அவனையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஆறு வருடம் பயந்துகொண்டே கிடந்தவள், அவன் வலப்பக்கம் மண்டியிட்டு, அவனுக்குக் கேட்கும்படி சத்தமாக ஜெபம் பண்ணினாள்.

"ஆண்டவரே, எங்க மொதலாளியை ஆசீர்வதியும். காது போனது தெரிஞ்சும் எங்களைத் தள்ளிவிடாத மனுஷனை ஆசீர்வதியும். எங்களுக்குச் சோறு போடற அந்தக் கையை ஆசீர்வதியும் ஆண்டவரே."

மூன்று பெண்களும் "ஆமென்" என்றார்கள். ஐசக்கின் தாடை இறுகிக் கிடந்தது. ஜெபசீலி கண்ணைத் திறந்து, அவனுக்குக் கேட்கவில்லையோ என்று, மறுபடியும் அந்தக் கடைசி வரியைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.

"ஆமென்" என்றான் ஐசக்.