சர்பத் என்கிற குதிரையும் என் வயிற்றெரிச்சலும்

கம்பெனி பஸ் ஓட்டுகிற தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: ஓட்டுகிற ஆளைப் பிடிக்கவில்லை என்று எந்த பஸ்ஸும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. அந்த நிம்மதி போதாமல் நாற்பத்திரண்டு வயதில் நான் ஒரு குதிரை வாங்கினேன். மறைமலைநகர் ஃபாக்டரிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவருவது என் வேலை. சின்ன வயசிலிருந்து கடற்கரைக் குதிரைகளைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன். எனக்கு ரேஸ் வேண்டாம், சவாரி விட்டுச் சம்பாதிக்கவும் வேண்டாம். நான் கூப்பிட்டால் அது என்னிடம் வரவேண்டும், அவ்வளவுதான். என்னைப் போல வயசான பிறகு முதல் குதிரை வாங்கி, வெளியே சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களே, இது உங்களுக்காக.

சுழி

குதிரை வாங்குவதென்றால் முதலில் சுழி பார்க்க வேண்டும் என்று ஊரே சொல்லி அனுப்பியது. நெற்றியில் இருந்தால் யோகமாம், இன்னொரு இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கே ஆகாதாம். மாமல்லபுரம் கடற்கரையில் சவாரி விடும் காதர் பாய், இனிமேல் இதற்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஒரு பெண் குதிரையைக் காட்டினார். செம்பழுப்பு நிறம், பெயர் சர்பத்.

அதன் கழுத்து, மார்பு, வயிறு என்று ஒவ்வொரு இடமாகக் குனிந்து முடியை விலக்கிச் சுழி தேடினேன். பல்லைப் பார்க்கவில்லை, குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. என் மனைவி விமலா அங்கேயே ஓர் ஓட்டலில் லாண்டரி பிரிவில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்தவள், இந்தக் கூத்தில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். நான் நிமிர்ந்தபோது குதிரையின் தலை என்னைத் தாண்டி அவள் தோளுக்குப் போயிருந்தது. பாய் சிரித்தார்.

"நீ இன்னாத்துக்கு நைனா இன்னும் சுழி பாத்துகினு கீற? அது உன் வூட்டம்மாவ பாத்து முடிச்சிடுச்சி."

திரும்புகிற இடம்

எங்கள் வீடு திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருக்கிறது. பாய் சில நாள் வந்து ஏறவும் உட்காரவும் கற்றுக்கொடுத்தார். கடிவாளத்தை ஸ்டியரிங் மாதிரி பிடிக்காதே என்று அவர் சொன்னது மட்டும் கடைசி வரை என் கைக்கு ஏறவில்லை. பிறகு ஒரு காலையில், ஊர் பார்க்கட்டும் என்று தனியாக ரோட்டில் கிளம்பினேன்.

ஏழுமலையின் டீக்கடை வரை ராஜா மாதிரி போனேன். அங்கே சர்பத் தானாகத் திரும்பி நின்றுவிட்டது. குதிகாலால் தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. கடற்கரையில் ஒரு சவாரி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் அதன் கணக்கு. அதற்கு மேல் ஏறியவர் இறங்கிவிட வேண்டும். இதைப் பாயிடம் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றாதது என் புத்தி. இதே குதிரை முந்தின நாள் சாயங்காலம் விமலா கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தபோது, இதே டீக்கடையைத் தாண்டி ரேஷன் கடை வரை போய்வந்தது. அதை நினைத்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. ஏழுமலை டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"டிக்கெட் முடிஞ்சி போச்சி டிரைவரே. எறங்கி வேற டிக்கெட் வாங்கிகினு ஏறு."

நாற்காலி

குளிப்பாட்டுவது நான், தேய்த்துவிடுவது நான், கொள்ளு ஊறவைப்பது நான். கேரட்டை எடுத்துக்கொண்டு "வாம்மா, வாம்மா" என்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருவதும் நான்தான். சர்பத் கேரட்டை வாங்கிக்கொள்ளும், உடனே பின்பக்கத்தைக் காட்டும். விமலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பூண்டு உரித்தபடி தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அது மெல்ல வந்து நாற்காலியின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடும்.

எனக்குப் பொறாமை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கட்டிய பெண்டாட்டி மேல், அதுவும் ஒரு குதிரையின் தாடைக்காகப் பொறாமைப்பட்டேன். "அதுக்கு என்ன வசியம் வெச்ச?" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன்.

"நான் இன்னா கூப்ட்டனா? அதுவா வருது. நீ போயி லத்திய அள்ளு, நாறுது."

நைட்டி

கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு விமலா போனாள். அன்று சாயங்காலத்திலிருந்து சர்பத் தீவனத்தில் பாதியை விட்டுவிட்டு கேட்டையே பார்த்து நின்றது. விமலா போன் செய்தபோது அதை மட்டும் சொல்லி வைத்துவிட்டு, பாய்க்குப் போன் போட்டேன். அவள் துணி ஏதாவது கொட்டகையில் மாட்டு, வாசனைக்கு அடங்கும் என்றார். மாட்டினால் போதுமா? காலையில் காக்கி யூனிஃபார்முக்கு மேலேயே அவள் நைட்டியை மாட்டிக்கொண்டு, கொட்டகையில் முதுகைக் காட்டி நின்றேன்.

வந்தது. என் தோளில் தாடையை வைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான், என் கழுத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, ஏமாற்றப்பட்ட ஆள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுப் போய்விட்டது. திரும்பினால் கேட்டில், என்னைத் தினம் பைக்கில் கூட்டிப்போகும் இன்னொரு டிரைவர் சேகர் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"மச்சான், ட்ரிப்புக்கு டைம் ஆச்சி. இதே டிரெஸ்ல வரியா, மாத்திகினு வரியா?"

காது

விமலா திரும்பிவந்த மறுநாள், ஒரு ட்ரிப் ரத்தாகி நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொட்டகைப் பக்கம் அவள் குரல் கேட்டது. தங்கையோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், போன் சார்ஜில் கிடந்தது. அவள் குதிரையிடம் பேசிக்கொண்டிருந்தாள். "என்னிய சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்கடி. கைக்கு கீழ ஆறு பேரு. பயமா கீது. வாணாம்னு சொல்லிடலாமான்னு தோணுது. யாருகிட்டயும் சொல்லல, உங்கிட்டதான் மொத."

இத்தனை நாள் குதிரையைப் பிடித்துவிட்டாள் என்று இவள்மேல் பொறாமைப்பட்டேன். அன்று அந்தக் குதிரையின் மேல் பொறாமை வந்தது. அதைவிட இது நெஞ்சில் குத்தியது. நேரே போய் நின்று, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை, பூண்டை உரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

"முந்தாநேத்து போன்ல சொல்ல வந்தேன். நீ சர்பத்து சாப்டலன்னுட்டு வெச்சிட்ட. அது நான் முடிக்கிற வரைக்கும் காத என் பக்கம் திருப்பிகினு நிக்குது."

ஆக, முதல் குதிரை வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நீங்கள் குதிரையைப் பழக்கி முடிப்பதற்குள், உங்கள் வீட்டில் உங்களுக்கென்று இருந்த இடத்தில் அது போய் நின்றிருக்கும்.