பபூன் பிடித்து இழுத்த டை

என் பீரோவில் பட்டுவேட்டிக்கு அடியில் ஒரு டை கிடக்கிறது. சாயம் போன கத்தரிப்பூ நிறம். அதன் நடுவில், ஒரு கை இறுக்கிப் பிடித்த இடத்தில், சிவப்பு சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துவைக்க விட்டதில்லை. இன்று காலையிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் ஒரு துணித்துண்டைப் பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா? மனைவியிடம் சொன்னேன். மோர் குடிக்கச் சொன்னாள்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் தற்காலிகத் தமிழ் ஆசிரியர். தற்காலிகம் என்றால், முதல்வர் தும்மினாலும் எனக்குத்தான் ஏதோ சொல்கிறார் என்று எழுந்து நிற்கிற உத்தியோகம். மதுரையில் பல்கலைக்கழகம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அங்கிருந்த பேராசிரியர் ஒருவருக்கு ஒரு யோசனை: நாடகக்காரர்களைக் கல்லூரிக்குள் கூட்டிவர வேண்டும், அவர்கள் நடித்துக் காட்ட வேண்டும், பிறகு படித்தவர்களும் நடிப்பவர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு பக்கமும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். ஏற்பாடு என் தலையில் விழுந்தது. முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார்: “இது ஒழுங்கா நடந்தா நீர் நிரந்தரம். இல்லேன்னா சொந்த ஊருக்குப் பஸ் ஏறிடலாம்.” என் சொந்த ஊர் காரியாபட்டி. மதுரை போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான். அன்றிலிருந்து எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் அது என்னை ஏற்றிப்போக வந்ததாகவே தோன்றியது.

எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியாக ஏஜென்ட் சொல்லிவிடுவார். நாடகத்தன்றுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். வேஷம் கட்டிக்கொண்டே குசலம் விசாரித்துவிட்டு மேடை ஏறிவிடுவார்கள். ஒத்திகை என்ற சங்கதியே அந்தத் தொழிலில் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பயந்தவன் செய்வதைச் செய்தேன். ஏஜென்டிடம், “புதன்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்க. ஒருதரம் பார்த்துக்கிடுவோம். வெள்ளிக்கிழமை மதுரையிலேருந்து பெரியவுக வந்து பேசப்போறாக” என்றேன்.

புதன்கிழமை நால்வரும் வந்தார்கள். அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, முழு நாடகத்தையும் நடத்தினார்கள். பார்த்தது நான், விடுதி மாணவர்கள் கொஞ்சம் பேர், தண்ணீர் ஊற்ற வந்த தோட்டக்காரர். ஒத்திகைக்கே இத்தனை சிரத்தையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மங்களம் பாடி முடித்துக் கும்பிட்டார்கள். “வெள்ளிக்கிழமை பார்ப்போம்” என்றேன். “ஆகட்டும், பார்ப்போம்” என்றார் ராஜபார்ட். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கிளம்புகிறவர் சொல்கிற தொனி அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் அந்த டையைக் கட்டிக்கொண்டேன். வேதியியல் ஆசிரியரிடம் இரவல் வாங்கியது. கரிசல் காட்டு வெயிலில் டை கட்டினால் எப்படி இருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. கார் வந்தது. பேராசிரியர் இறங்கினார். ஒல்லியான மனிதர், எதைக் கேட்டாலும் தலையைச் சாய்த்து, நிஜமாகவே கேட்கிறவர். அரங்கம் நிரம்பிவிட்டது. நாடகக்காரர்கள் ஒருவரும் இல்லை. நான் வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்குமாக நடந்தேன், பிறகு ஓடினேன். வீரசோழன் பஸ்ஸிலிருந்து ஆட்டுக்குட்டியோடு ஒருவர் இறங்கினார். அவரையே ராஜபார்ட்டாகப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். திருச்சுழி பஸ்ஸிலிருந்து பபூன் இறங்கினார்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வெளுத்த வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. வேஷப் பெட்டிகூட இல்லை.

“மத்தவுக எங்க?”

“அவுகளுக்கு இன்னைக்குப் பரமக்குடிப் பக்கம் நாடகம்ல.”

“இங்கதானேய்யா நாடகம்!”

“அதான் புதன்கெழமையே போட்டாச்சே, வாத்தியாரையா. போட்ட நாடகத்த அதே எடத்துல மறுபடி யாரு பாப்பா?” என்றவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “பெரியவுக எங்களப் பத்திப் பேசப்போறாகன்னு சொன்னீகளாம்ல. இந்தத் தொழில்ல ஏசுனதக் கேட்டிருக்கேன். பேசுனதக் கேட்டதில்ல. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தரம் கல்லூரி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “சரி விடுங்க. ரெண்டு ஆளு இருந்தா நாடகந்தான்.”

“ரெண்டாவது ஆளு யாரு?”

அவர் என் டையைப் பார்த்தார்.

போகிற வழியில் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து சிவப்பு சாக்பீஸை உடைத்து நுணுக்கி, தன் கன்னத்தில் பூசி என் கன்னத்திலும் பூசினார். “நான் ஆசிரியர்” என்றேன். “பயத்த உள்ள பூட்டிக்கிட்டு நின்னா அது ஒங்களக் கடிக்கும். வெளிய விடுங்க, அவுக சிரிப்பாக” என்றார். அடுத்து நடந்தது, டையின் நடுவில் ஒரு பிடி. மாட்டைத் தும்பு பிடித்து இழுப்பது போல முதல்வர், பேராசிரியர், மாணவர்கள் எல்லோர் முன்னாலும் என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

மேடைக்குக் கீழே நான் அவருக்கு வாத்தியாரையா. மேடை ஏறியதும் மரியாதை போய்விட்டது.

“ஏலே, நீதான் ராசாவா? எந்த ஊரு ராசா?”

“காரியாபட்டி.”

“காரியாபட்டி ராசாவுக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது?”

சொல்ல வசனம் எதுவும் இல்லாததால் உண்மையைச் சொன்னேன். “ஒத்திகைக்குக் கூப்பிட்டேன். நாடகத்தையே போட்டுட்டுப் போயிட்டாங்க. முதல்வரு என்னைய பஸ் ஏத்தப்போறாரு.” அரங்கம் வெடித்தது. சிரித்தவர்களில் முதல்வரும் இருந்தார் என்பதை நான் பிறகுதான் நம்பினேன். அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. பஸ், ஆட்டுக்குட்டி, இரவல் டை எல்லாம் வெளியே வந்தன. பேராசிரியர் இருக்கையிலிருந்து எழுந்து, “அது சரி, ஏன் நீங்க ஒத்திகையே பார்க்கிறதில்லை?” என்று கேட்டார். பபூன் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலத் திரும்பினார்.

“ஐயா, வீட்டம்மாகூடச் சண்டை போட ஒத்திகை பாத்துட்டா போறீக?”

பேராசிரியர் தலையைச் சாய்த்து யோசித்தார். “இல்லை. அதனாலதான் தோத்துக்கிட்டே இருக்கேன்.”

பபூன் அவரைக் கும்பிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்புறம் மதியம்வரை தர்க்கம்தான். பேராசிரியரும் மேடை ஏறிவிட்டார். மாணவர்கள் கேட்டார்கள், இருவரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். பேராசிரியர் கொண்டுவந்திருந்த உரை பையைவிட்டு வெளியே வரவேயில்லை. எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. “இனிமே ஒத்திகை வேண்டாம்” என்றார் முதல்வர், அவ்வளவுதான். டையை வேதியியல் ஆசிரியர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

அன்று பபூனை பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பினார். “எல்லாம் சரி வாத்தியாரையா. கடைசிவரைக்கும் அவுக எங்களப் பத்தி என்ன பேச வந்தாகன்னு தெரியலையே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையின் தோளெல்லாம் சாக்பீஸ் தூள். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் பலமுறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் யாராவது அவரை மேடையில் ஏற்றிவிடுவோம். உட்கார்ந்து கேட்க விட்டதே இல்லை.

இன்று மதியம் மதுரையில், அதே பல்கலைக்கழகத்தில், நாடகக்காரர்களைப் பற்றி நான் பேச வேண்டும். கண்ணாடி முன் பேசிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் மறந்தேன். பபூனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். நேற்று பதில் வந்தது: “வாரேன். இந்தத் தடவ என்னய மேடையில ஏத்திராதீக. முன்னால ஒரு நாக்காலி போதும்.”

முதல் வரிசையில் ஒரு நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். மோர் குடித்தாயிற்று, பயனில்லை. டையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முடிச்சைக் கொஞ்சம் தளர்வாகவே போட்டிருக்கிறேன். இன்று இழுக்க ஆள் இல்லை. நானாகத்தான் மேடை ஏற வேண்டும்.